ஊழியம் முடிந்தது என்று யார் சொல்வது?



வயதான விசுவாசிகளின் வீட்டுக்கு ஜெபிக்கப் போகும்போது இரண்டு பேச்சு என் காதில் விழுகிறது. பிள்ளைகள் சொல்வது: "ஆயாவுக்கு இனிமே என்ன இருக்கு பாஸ்டர், ஒரு பக்கமா உக்காந்திருந்தா போதும்." ஆயா சொல்வது: "நான் யாருக்கும் பிரயோஜனம் இல்லாம கெடக்கிறேன், கர்த்தர் சீக்கிரம் எடுத்துக்கிட்டா நல்லது." இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. வேலை செய்கிற வரைக்கும்தான் மனுஷனுக்கு மதிப்பு என்பதே அது. இது வேதத்தின்படி சரியா? ஒருவருடைய வேலை முடிந்தது என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

நம் மாநிலத்து மலைகளில் வாழ்ந்து மரித்த ஒரு கிழவியம்மாவின் வாழ்க்கையை வைத்து இதைச் சிந்திப்போம். அவர் பெயர் எவ்லின் பிராண்ட். 1879-ல் பிறந்த லண்டன்காரி. 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மிஷனரியை மணந்து கொல்லிமலையில் குடியேறினார். அங்கே ஜனங்களை வதைத்த நோய்களில் ஒன்று நரம்புச்சிலந்தி. படிக்கட்டுக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளும்போது, நோயாளியின் காலில் உள்ள கொப்புளம் உடைந்து புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, நீளமான புழு காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். பிராண்ட் தம்பதியர் சுவிசேஷமும் சொன்னார்கள், புழுவையும் எடுத்தார்கள், யாரும் உள்ளே இறங்காதபடி சுவர் எழுப்பிய கிணறுகளுக்காகவும் பாடுபட்டார்கள். ஆத்துமா வேறே, தண்ணீர் வேறே என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் மரித்தார். இரண்டு பிள்ளைகளும் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அம்மையார் ஊருக்குப் போய்விட்டு மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலைக்கு வைத்தது. எழுபதை நெருங்கியபோது, வயதாகிவிட்டது, இனி ஓய்வு என்றார்கள். அவரோ மிஷனை விட்டு விலகி, தன் சொந்தப் பொறுப்பில் மலைக்கு ஏறிவிட்டார்! கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலைக்கும் கல்வராயன் மலைக்கும் போனார். நம்ம ஊருக்கு மேற்கே இருக்கிற அதே கல்வராயன் மலைதான். அங்கே பெய்கிற மழை மணிமுத்தாறாக வந்து வெள்ளாற்றில் சேர்ந்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறது.

எழுபது வயதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்தது. மலேரியாவும் சீதபேதியும் மாறி மாறி வந்தன. மகன் பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குஷ்டரோகிகளின் கைகளைச் சீர்படுத்திய பேர்பெற்ற டாக்டர். அவரே கெஞ்சியும் அம்மா கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கம்பு ஊன்றி நடந்தார், மட்டக்குதிரையில் போனார். அதுவும் முடியாத காலத்தில் மலை ஜனங்கள் அவரைத் தூளியில் சுமந்து போனார்கள். 1974-ல், 95-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கொல்லிமலையில் கணவன் பக்கத்தில் அடக்கம் நடந்தது. அவர் கேட்டுக்கொண்டபடி பெட்டி இல்லை. ஒரு பருத்தித் துணியில் சுற்றி மண்ணுக்குக் கொடுத்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. தள்ளாத வயதில் பிடிவாதமாய் மலையேறி, கடைசியில் நாலு பேர் சுமக்கும்படி ஆனதே, அது மற்றவர்களுக்குப் பாரம் இல்லையா?

வேதத்தைப் பாருங்கள். யோசுவா 14-ல் காலேப் 85 வயதில் எனக்கு மலைநாட்டைக் கொடு என்று கேட்கிறான். 2 சாமுவேல் 19-ல் 80 வயது பர்சிலாவைத் தாவீது ராஜா தன்னோடு எருசலேமுக்கு அழைக்கிறார். அவனோ, சாப்பாட்டின் ருசியும் தெரியவில்லை, பாட்டும் காதில் விழவில்லை, உமக்கு ஏன் பாரமாக வேண்டும், நான் என் ஊரிலேயே இருக்கிறேன் என்கிறான். ஒருவன் மலையைக் கேட்டான், ஒருவன் வீட்டைக் கேட்டான். தேவன் இரண்டு பேரையும் கடிந்துகொள்ளவில்லை. காலேப் கேட்டது கிடைத்தது. பர்சிலாவை ராஜா முத்தமிட்டு ஆசீர்வதித்து அனுப்பினார். இரண்டு இடத்திலும் முடிவைச் சொன்னது அந்தக் கிழவனின் வாய்தான். வேறே யாரும் அவனுக்காக முடிவு எடுக்கவில்லை.

அதனால் பிராண்ட் அம்மையாரைக் காட்டி, அவங்களைப் பாரு, நீ ஏன் படுத்துக் கிடக்கிறே என்று யாரையும் குத்தக்கூடாது. அது சாட்சியைக் கல்லாக்கி எறிகிற வேலை. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் விழுந்து அடிபட்டவர், 1951 ஜனவரியில் மரிக்கும் வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். பிள்ளைகள் அவரைத் தேடி அந்த அறைக்குப் போனார்கள். அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியும், அதில் 'அம்மா' என்ற ஒரே வார்த்தையும்தான். ஒருவர் கடைசிவரை மலையேறினார், ஒருவர் இருபது வருஷம் அறைக்குள் இருந்தார். இரண்டு பேரும் அன்புகூருவதை நிறுத்தவில்லை. வேலைக்கு ஓய்வு உண்டு, அன்புக்கு ஓய்வு வயது கிடையாது.

பாரம் என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. மலை ஜனங்கள் அந்த அம்மாவைச் சுமந்தது கடமைக்காக அல்ல. தங்கள் குடிசையைத் தேடி வந்தவரைச் சுமந்தார்கள். தன்னை நேசித்தவரைச் சுமக்கிறவனுக்குத் தோள் வலிக்கும், ஆனால் அவன் அதைப் பாரம் என்று சொல்லமாட்டான். கடைசி இருபது வருஷம் அந்த அம்மையார் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட இல்லை என்று மகன் எழுதியிருக்கிறார். சுருக்கம் விழுந்த அந்த முகத்தை ஜனங்கள் எவ்வளவு ஆசையாய்ப் பார்த்தார்கள் என்பதையும் அவரே எழுதுகிறார்.

பிரியமானவர்களே, நம்ம பக்கத்தில் பிள்ளைகள் நெய்வேலிக்கும் சென்னைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகிறார்கள். பெற்றவளைக் கூட்டிப்போவதா, இங்கேயே விடுவதா என்று அவள் இல்லாத நேரத்தில் கூடிப் பேசி முடிக்கிறார்கள். ஐம்பது வருஷம் நடவு நட்டு உங்களை ஆளாக்கினவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? "அம்மா, உனக்கு என்ன ஆசை? கர்த்தர் உன் மனசுல என்ன வச்சிருக்கார்?" மலை வேண்டும் என்றால் மூங்கில் கம்பை எடுத்துக் கொடுங்கள். வீடு போதும் என்றால் முத்தமிட்டு, அவள் இருக்கிற இடத்தில் நிம்மதியாய் இருக்க விடுங்கள்.

சபையாருக்கும் சொல்கிறேன். இனி மூப்பர் வீட்டுக்குப் போனால் ஜெபித்துவிட்டு மட்டும் வராதிருங்கள். உங்களுக்காக ஜெபிக்கும்படி அவர்களைக் கேளுங்கள். வியாதியஸ்தர் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள், அடுத்த வாரம் போய் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

தாய்மாரே, நீங்கள் பூமிக்குப் பாரம் அல்ல. முடிந்தது என்று சொல்ல வேண்டியவர் உங்களைப் படைத்தவர். அவர் சொல்லும்வரைக்கும் நீங்கள் எங்களுக்கு வேண்டும்.

கர்த்தர் நரைவயது மட்டும் உங்களைத் தாங்குவாராக. ஆமென்.