கண்கள் ஞாயிறு



தவக்காலத்தின் இந்த மூன்றாம் ஞாயிற்றுக்குப் பழைய இலத்தீன் வழக்கில் 'ஓக்குலி' என்று பெயர். கண்கள் என்று அர்த்தம். வருகைப் பல்லவியின் முதல் சொல் அது. 25ஆம் திருப்பாடலிலிருந்து எடுத்தது.

1514ஆம் ஆண்டு இதே ஞாயிறன்று, ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில், ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தன் அம்மாவைக் கரியால் வரைந்தார். அந்தத் தாள் இன்றும் பெர்லினில் இருக்கிறது. அதன் அச்சுப்படத்தை முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற தாயை இப்படியா வரைவது? தலையில் முக்காடு. நெற்றி முழுக்க வரி வரியாகச் சுருக்கம். கன்னம் ஒட்டிப்போய், கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்து, கழுத்தெலும்பு துருத்தி நிற்கிறது. இரண்டு கண்களும் ஒரே பக்கம் பார்க்கவில்லை. ஒன்று விலகி எங்கேயோ போகிறது.

அழகாக வரையத் தெரியாதவரா அவர்? 1500ஆம் ஆண்டு தன்னையே சுருள்முடியோடு, கிறிஸ்துவின் சாயலில் தீட்டிக்கொண்டவர்! அம்மாவிடம் வந்தபோது அந்த மெருகையெல்லாம் ஒதுக்கிவிட்டார்.

அம்மா பெயர் பார்பரா. 18 பிள்ளை பெற்றவர். வளர்ந்து ஆளானவர்கள் மூன்றே பேர். கணவர் போனபின் வறுமை வந்தது, மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கொள்ளைநோயையும் ஏளனத்தையும் தாங்கினார், யார்மேலும் வன்மம் வைக்கவில்லை என்று மகனே குறித்துவைத்திருக்கிறார். மகன் வெளியே கிளம்பினால் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லித்தான் அனுப்புவாராம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்த முகத்தை மறுபடி பார்த்தேன். ஒரு சுருக்கத்தைக்கூட விட்டுவிட அந்த மகனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

தாளின் மேல்புறத்தில், அன்றைய ஞாயிற்றையும் அம்மாவுக்கு 63 வயது என்பதையும் கரியால் எழுதினார். மே மாதம் அம்மா இறந்தார். அந்த நாளையும் நேரத்தையும் அதே இடத்தில் மையால் சேர்த்து எழுதினார். கரி எழுத்துக்கும் மை எழுத்துக்கும் நடுவே இரண்டே மாதம்.

இன்று பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, அம்மா எதிரில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். "என்னடா அப்படிப் பாக்குற?" என்று கூச்சப்படுவார். பரவாயில்லை, பாருங்கள். அம்மா இல்லாதவர்களுக்கு, இதோ நம் முன்வரிசையிலேயே பாட்டிமார் உட்கார்ந்திருக்கிறார்கள்.