தவறிய தாளம்

சென்ற மாதம் ஒரு மாலை, கணக்குத் தணிக்கையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற என் நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். மேஜை மேல் கிடந்த என் குறிப்புகளை எடுத்துப் புரட்டினார். "ஜப்பான், 1998, தாள விளையாட்டு யந்திரங்கள்" என்று தலைப்பில் இருந்ததைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"காசைப் போட்டுப் பொத்தானைத் தட்டுகிற விளையாட்டு. இதில் போய் நீர் என்ன தத்துவத்தைத் தேடுகிறீர்?"

"தத்துவம் இல்லை; நியாயம்" என்றேன்.

"நியாயமா! அது நீதிமன்றத்திலேயே சில சமயம் கிடைப்பதில்லை. விளையாட்டுக் கூடத்தில் கிடைக்கப் போகிறதா?"

காப்பியைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் நான் எழுத நினைத்ததும் அந்தக் கேள்வியைப் பற்றித்தான். அந்த ஆண்டு ஜப்பானில் வேறு இடங்களில் கிடைக்காமல் போன ஒரு வகை நியாயம் விளையாட்டுக் கூடங்களில் கிடைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மனிதனுக்கு அது போதுமா என்பதே என் சந்தேகம்.

முதலில் அந்த யந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1997 டிசம்பரில் கொனாமி என்ற ஜப்பானியக் கம்பெனி 'பீட்மேனியா' என்ற யந்திரத்தை விளையாட்டுக் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. கண்ணுக்கு நேராக ஒரு திரை. கைக்கு எட்டும் உயரத்தில் ஐந்து கட்டைகள். மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு, ஆர்மோனியத்தில் இருப்பதைப் போல. பக்கத்தில் இசைத்தட்டைப் போல ஒரு வட்டத் தட்டு. பாட்டுத் தொடங்கியதும் திரையின் உச்சியிலிருந்து சிறு சிறு பட்டைகள் இறங்கி வரும். அடியில் உள்ள சிவப்புக் கோட்டை அவை தொடுகிற கணத்தில் உரிய கட்டையைத் தட்ட வேண்டும். தட்டில் சுழற்ற வேண்டிய இடத்தில் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் அந்த நொடியிலேயே தீர்ப்பு வந்துவிடும்: கிரேட், குட், பேட், புவர். சிறந்த தீர்ப்பைப் பெறுவதற்கு உள்ள அவகாசம் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

தட்டுகிறவன் யார் என்று யந்திரம் கேட்பதில்லை. எந்தப் பள்ளியில் படித்தான், தகப்பனார் யார், யாருடைய சிபாரிசில் வந்தான் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. சரியாகத் தட்டினால் சரி, தவறினால் தவறு. நேற்றுத் தவறிய இடத்தை இன்று சரியாகத் தட்டினால், நேற்றைய தவறு மனத்தில் வைத்துக்கொள்ளப்படுவதுமில்லை.

இந்த யந்திரம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் அந்த நாட்டில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1997 நவம்பர் 17-ஆம் தேதி ஹொக்கைடோ டகுஷோகு என்ற பெரிய வங்கி நிலைகுலைந்தது. ஒரு வாரம் கழித்து, 24-ஆம் தேதி, நூறு ஆண்டு வயதான யமாய்ச்சி என்ற பங்குத் தரகு நிறுவனம் தொழிலை மூடுவதாக அறிவித்தது. பல ஆண்டுகளாக நஷ்டத்தைக் கணக்கில் காட்டாமல் மறைத்து வைத்திருந்தார்கள். அப்போது தலைவராக இருந்த ஷோஹெய் நொஸாவா அந்தப் பதவிக்கு வந்ததே அந்த ஆகஸ்டில்தான். அவர் பத்திரிகையாளர்கள் முன் எழுந்து நின்று, குற்றம் நிர்வாகத்தினுடையது, ஊழியர்கள் பேரில் குற்றமில்லை என்று சொல்லிக் குழந்தையைப் போல் அழுதார். அந்தக் காட்சியை நாடே பார்த்தது.

ஊழியர்கள் பேரில் குற்றமில்லை! எவ்வளவு பயங்கரமான வாக்கியம் அது! ஒருவன் குற்றம் செய்து தண்டனை அடைந்தால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் சரியான நேரத்துக்கு வந்து, சரியாகத் தாளம் தட்டியவனுக்கு, ஒரு காலையில் பாட்டே இல்லை என்றால் அவன் யாரிடம் போய்க் கேட்பான்? பள்ளியில் முயன்று படித்தால் நல்ல கம்பெனியில் வேலை, சேர்ந்த கம்பெனியில் ஓய்வு பெறும் வரை வேலை என்று ஒரு தலைமுறையே நம்பி வந்திருந்தது. 1998-இல் வேலையில்லாதவர்களின் விகிதம் நூற்றுக்கு நான்கைத் தாண்டியது. நமக்கு அது சிறிய எண்ணாகத் தோன்றும். அவர்களுக்கு அது போருக்குப் பின் காணாத எண். கல்லூரியை முடித்து வந்த பிள்ளைகள் வேலை தேடிய அந்தக் காலத்துக்குப் பனிக்கட்டிக் காலம் என்றே பெயர் வைத்தார்கள்.

அந்த ஆண்டில்தான் இந்தத் தாள யந்திரங்கள் பெருகின. ஒன்றால்தான் மற்றது விளைந்தது என்று நான் சொல்லவில்லை; அப்படிச் சொன்னால் என் தணிக்கை நண்பர் உடனே கணக்குக் கேட்பார். ஆனால் அந்த யந்திரத்தின் முன் வரிசையில் நின்ற இருபது வயதுப் பிள்ளையை நினைத்துப் பார்க்கிறேன். வெளியே உள்ள உலகம், முயற்சிக்குப் பலன் உண்டா என்பதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இந்தப் பெட்டியோ ஒவ்வொரு நொடியும் பதில் சொல்லுகிறது. திட்டுவதானாலும் காரணத்தோடு திட்டுகிறது. அதன் முன் அவன் மறுபடியும் மறுபடியும் போய் நின்றதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்த யந்திரத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. விளையாடுகிறவன் கட்டையைத் தட்டினால்தான் அந்த ஸ்வரம் ஒலிக்கும். தட்டாமல் விட்டால் பாட்டில் அந்த இடம் வெறுமையாகப் போகும். வேறு கட்டையைத் தட்டினால் வேண்டாத ஒலி கேட்கும். ஆகவே அவனுடைய தவறு புள்ளிக் கணக்கில் மட்டும் இல்லை. பாட்டிலேயே பள்ளம் விழுகிறது. 'நீ இல்லாவிட்டால் இங்கே ஒன்று குறைகிறது' என்று அது அவனிடம் சொல்லுகிறது. வேலைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவனுக்கு இதைவிட இனிமையாக ஒரு வார்த்தையை யார் சொல்லிவிட முடியும்?

1998-இன் இலையுதிர் காலத்தில் அதே கம்பெனி 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்ற யந்திரத்தைக் கொண்டுவந்தது. இதில் கைக்கு வேலையில்லை. மேடை மேல் ஏறி நிற்க வேண்டும். காலடியில் முன், பின், இடம், வலம் என்று நான்கு அம்புகள். திரையில் கீழிருந்து மேலே அம்புகள் ஏறி வரும். அவை உச்சிக்குப் போய்ச் சேருகிற கணத்தில் அந்தந்தத் திசையில் மிதிக்க வேண்டும். தலைகுனிந்து தனியாக விளையாடியவர்கள், நாலு பேர் பார்க்க ஆட வேண்டியதாயிற்று. இந்த யந்திரம் ஜப்பானைத் தாண்டி வெகுதூரம் போய்ப் புகழ் பெற்றது.

பார்வைக்கு இரண்டும் ஒரே குடும்பம். தர்மத்தில் இரண்டும் வேறு. இந்த மேடையில் நீங்கள் மிதித்தாலும் பாட்டு நடக்கிறது, மிதிக்காவிட்டாலும் நடக்கிறது. தவறு எல்லை மீறிப் போனால் ஆட்டம்தான் முடியும். அதுவரை பாட்டில் ஒரு ஸ்வரம்கூடக் குறையாது. அது உங்களுக்காகக் காத்திருப்பதில்லை.

இரண்டில் எது உண்மை? நான் இல்லாவிட்டால் உலகத்தில் ஒரு ஸ்வரம் குறையுமா? அல்லது நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் பாட்டுக்கு நடக்குமா? இதைப் படிப்பாளிகளின் வீண் கேள்வி என்று நினைக்க வேண்டாம். 1997-இல் ஜப்பானில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் 24 ஆயிரத்துக்குச் சற்று மேல். 1998-இல் அந்த எண் 32 ஆயிரத்தைத் தாண்டியது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துயரம் இருந்திருக்கும். அவற்றையெல்லாம் ஒரே காரணத்தில் அடக்குவது பாவம். ஆனால் அவர்களில் சிலரேனும் 'நான் இல்லாமலும் பாட்டு நடக்கும்' என்று முடிவு கட்டியிருக்க மாட்டார்களா?

அந்த எண்ணத்தின் கசப்பை நானும் கொஞ்சம் ருசித்திருக்கிறேன். இளம் வயதில் ஒரு மாதப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவனாக இருந்தேன். ஒரு நாள் ஆட்குறைப்பு என்று சொல்லிக் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் தேதி இதழ் வழக்கம்போல் கடையில் தொங்கியது. வாங்கிவந்து ராத்திரி முழுவதும் வரி வரியாகப் படித்தேன். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பிழை கண்டுபிடிக்க! இரண்டு கண்டுபிடித்தேன், மகிழ்ந்தேன். மறுகணமே அந்த மகிழ்ச்சியை நினைத்து வெட்கப்பட்டேன்.

ஒரு வாரம் சென்றபின், அங்கே என்னோடு வேலை பார்த்த முதியவர் ஒருவர் புரூஃப் தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். "தம்பி, இந்த இடத்தில் ஒற்று வருமா, வராதா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்றார். நாற்பது ஆண்டுகள் பிழை திருத்தியவருக்கு அதில் சந்தேகம் வராது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒற்று வரும் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார். இன்று நான் எழுதுகிறவனாக இருப்பதற்கு அந்தப் பொய்ச் சந்தேகமும் ஒரு காரணம்.

யந்திரத்தால் இதைச் செய்ய முடியாது. அது நம்மை யார் என்று அறியாததால்தான் நியாயமாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் அதனால் நம்மிடம் அன்பாக இருக்க முடியவில்லை. பீட்மேனியாவின் வழியில் 1999-இல் ஏழு கட்டைகளோடு இன்னும் கடினமான யந்திரம் ஒன்று வந்தது. பிற்காலத்தில் அதில் பரீட்சைகளும் படிகளும் ஏற்பட்டன. ஜூடோவில் கொடுப்பதைப் போன்ற 'டான்' பட்டங்கள். எல்லாவற்றுக்கும் மேலான படிக்குக் 'கைடென்' என்று பெயர். ஜப்பானின் பழைய குருமார்கள், தாங்கள் அறிந்த அனைத்தையும் கற்றுக்கொண்டுவிட்ட சீடனுக்கு வழங்கிய அங்கீகாரத்தின் பெயர் அது. சீடனோடு பல ஆண்டு பழகி, அவன் கையை மட்டும் பார்க்காமல் அவனையே பார்த்தவர் கொடுத்த சொல். இப்போது அதைப் பெட்டி கொடுக்கிறது. பெறுகிறவனுடைய உழைப்பு உண்மையானது; அதில் எனக்கு ஐயமில்லை. கொடுக்கிற இடத்தில்தான் ஆள் இல்லை.

அந்த 1998-இலேயே, செப்டம்பரில், கொனாமி இன்னொரு யந்திரத்தையும் வெளியிட்டது. அதன் பெயர் 'பாப்பன் மியூசிக்'. ஒன்பது பெரிய பொத்தான்கள், பல நிறங்களில், உள்ளங்கையால் அடிக்கலாம். புதிதாக வருகிறவனுக்கு ஒன்பதையும் இரண்டு கைகளால் சமாளிப்பது பெரும்பாடு. ஆனால் பக்கத்தில் ஆள் நின்றால் பொத்தான்களைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் டோக்கியோ போயிருந்தபோது ஒரு விளையாட்டுக் கூடத்தில் இதை நேரிலே பார்த்தேன். ஒரு தாய், பத்து வயதுப் பையன், ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை. தாய் நடுவிலுள்ள பொத்தான்களை எடுத்துக்கொண்டாள். பையன் வலப் பக்கம். குழந்தைக்கு இடது கோடியில் ஒரே ஒரு பொத்தான். அதற்குரிய ஸ்வரம் எப்போதாவதுதான் வரும். கையை ஓங்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தை அதற்காகவே காத்திருந்தது. வந்தது, கை சற்றுப் பிந்திவிட்டது. 'பேட்' என்று திரை சொல்லிற்று. குழந்தையின் முகம் சுருங்கியது. தாய் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, கைகளும் நிற்கவில்லை. முழங்கையால் மட்டும் குழந்தையைத் தன் பக்கமாகச் சற்று அணைத்துக்கொண்டாள். 'நீ தவறவில்லை' என்று அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் பொத்தானைத் தானே எடுத்துக்கொள்ளவும் இல்லை. அது இன்னும் குழந்தையின் பொத்தானாகவே இருந்தது.

நண்பர் அடுத்த முறை வரும்போது இதைத்தான் சொல்லப் போகிறேன். விளையாட்டுக் கூடத்திலும் நியாயம் உண்டு ஐயா. வெளியே நியாயம் தவறிய காலத்தில் அது சிறிய ஆறுதல் இல்லை. தவறியதைத் தவறு என்று பாரபட்சம் இல்லாமல் சொல்ல ஒரு தராசு நமக்கு வேண்டும். ஆனால் தராசின் முன் ஒருவனைத் தனியாக நிற்க விட்டுவிடுவது நியாயத்தில் சேராது. தாளம் தவறிய பிறகும் 'இந்தப் பொத்தான் உன்னுடையதுதான்' என்று இடத்தைக் காலியாக வைத்திருக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருப்பது எந்த யந்திரத்துக்கும் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாத வேலை.