விநதையின் இரண்டு முட்டைகள்

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் ஒரு தாயின் அவசரத்தைப் பற்றிய கதை வருகிறது. காசியப முனிவரின் மனைவியரான கத்ருவும் விநதையும் சகோதரிகள். முனிவர் மகிழ்ந்து வரம் தந்தபோது கத்ரு ஆயிரம் நாகர்களைப் புதல்வர்களாக வேண்டினாள். விநதையோ, ‘எனக்கு இருவர் போதும், ஆனால் அவ்விருவரும் கத்ருவின் மக்களை வலிமையில் விஞ்ச வேண்டும்’ என்றாள். பிள்ளைகள் கருவில் உருவாகும் முன்பே ஒப்பீடு உள்ளே புகுந்துவிட்டது.

கத்ரு ஆயிரம் முட்டைகளும் விநதை இரண்டு முட்டைகளும் ஈன்றனர். பணிப்பெண்கள் அவற்றை வெப்பமும் ஈரமும் உள்ள கலங்களில் வைத்துக் காத்தனர். ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தன. கத்ருவின் முட்டைகள் பொரிந்து நாகர்கள் வெளிவந்தனர். விநதையின் முட்டைகள் இரண்டும் அசையவில்லை. அவளுக்கு வெட்கம், பொறுக்க முடியாத வேதனை. ஒரு முட்டையைத் தானே உடைத்துவிட்டாள். உள்ளே இருந்த மகனுக்கு இடுப்புக்கு மேல் உடல் நிறைவாக இருந்தது, கீழ்ப்பகுதி உருவாகியிருக்கவில்லை. அவன்தான் அருணன். ‘யாரோடு போட்டியிட்டு என்னைக் குறையுள்ளவன் ஆக்கினாயோ, அவளுக்கே நீ அடிமை ஆவாய்’ என்று அவன் தாயைச் சபித்தான். சபித்தவனே மீளும் வழியையும் சொன்னான்: இன்னொரு முட்டை இருக்கிறது, இன்னும் ஐந்நூறு ஆண்டுகள் பொறுத்திரு, அதையும் உடைத்துவிடாதே, அதில் இருப்பவன் உன்னை விடுவிப்பான்.

விநதை இரண்டாம் முட்டையைத் தொடவில்லை. உரிய காலத்தில் அதைத் தானே பிளந்துகொண்டு வெளிவந்தவர் கருடன்.

வெப்பமும் ஈரமும் உள்ள கலம் என்று வியாசர் கூறுவது வியப்பூட்டுகிறது. இன்று பள்ளிகளில் குழந்தைகளுக்காக வைக்கப்படும் பொரிப்புப் பெட்டியும் இந்த இரண்டைத்தான் முட்டைக்குத் தருகிறது. விநதையின் கதை எவ்வளவு உண்மையானது என்பதை அத்தகைய பெட்டி ஒன்றின் அருகில் இருபத்தொரு நாட்கள் அமர்ந்திருப்பவர் உணர்வர்.

மத்தியப் பிரதேசத்தின் மேற்கு எல்லையில், பீல் பழங்குடி மக்கள் வாழும் ஜாபுவா மாவட்டம் கடக்நாத் என்னும் கருநிறக் கோழிக்குப் பெயர் பெற்றது. 2018-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தக் கோழிக்கு ஒரு குறை உண்டு: முட்டையிடும்; ஆனால் அடைகாக்கும் இயல்பு அதற்கு மிகக் குறைவு. எனவே அதன் முட்டைகளை வேறொரு நாட்டுக்கோழியின் அடியில் வைப்பார்கள். அல்லது பெட்டியில் வைப்பார்கள். தேவகியின் மகனை யசோதை வளர்த்ததை அறிந்த நாட்டில் இது விந்தையன்று.

அந்த வட்டாரத்தில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியை மனக்கண் முன் கொண்டுவரலாம். இரண்டு வகுப்புகள், வகுப்புக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு முட்டைகள். குழந்தைகள் ‘தீதி’ என்று அழைக்கும் ஆசிரியை, தொடங்கும் முன்பே ஒரு நிபந்தனை விதிக்கிறார். பிறக்கும் குஞ்சுகள் யார் வீட்டில் வளரும், ஏறக்குறையப் பாதி சேவலாக இருக்குமே, அவற்றை யார் ஏற்பார் என்பது முடிவாகாமல் ஒரு முட்டைகூடப் பெட்டிக்குள் போகாது. வேடிக்கைக்காக உயிர்களை வரவழைத்துவிட்டுப் பின்பு இடமில்லை என்று கைவிடுவது அஹிம்சை ஆகாது. இந்தப் பொறுப்பை ஏற்க முடியாத பள்ளி இந்தப் பாடத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

பெட்டிக்குள் வெப்பம் 37.5 பாகை செல்சியஸ். ஒரு கிண்ணத்தில் தண்ணீர். முட்டையின் ஒரு பக்கத்தில் பென்சிலால் சூரியன், மறுபக்கத்தில் சந்திரன். காலை, நண்பகல், இரவு என நாளுக்கு மூன்று முறை முட்டைகளைத் திருப்ப வேண்டும். திருப்பாமல் விட்டால் கரு உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். தாய்க்கோழி இதை யாரும் சொல்லித் தராமலே அலகால் செய்கிறது. குழந்தைகளோ முறை வைத்துச் செய்ய வேண்டும். விளையாட்டு நடுவில் இருந்தாலும் ஓடிவர வேண்டும். முதல் வாரம் முழுவதும் வெளியே எதுவும் தெரியாது. ஆறு நாள் ஜபம் செய்துவிட்டு ‘எதுவும் நடக்கவில்லையே’ என்று கேட்கும் சாதகனுக்கும் இந்தச் சிறுவர்களுக்கும் அதிக வேறுபாடு இல்லை. முட்டைக்குள்ளோ மூன்றாம் நாளுக்குள் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஏழாம் நாள் அறையை இருட்டாக்கி, கைவிளக்கின் மீது முட்டையை வைத்துப் பார்க்கிறார்கள். சிலந்தி வலை போலச் சிவந்த நாளங்கள். நடுவே ஒரு கரும்புள்ளி. வகுப்பில் மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்கவில்லை. ஆனால் மூன்று முட்டைகள் வெறும் வெளிச்சமாகவே நிற்கின்றன.

“இந்த மூன்றும் என்ன தவறு செய்தன, தீதி?”

“தவறு ஏதும் இல்லை. இவற்றில் உயிர் தொடங்கவே இல்லை. எவ்வளவு நாள் சூட்டில் வைத்தாலும் இவை கூமுட்டையாகத்தான் போகும்.”

சத்சங்கத்தின் வெப்பத்தில் பல ஆண்டுகள் இருந்தும் மாறாத மனங்கள் உண்டு. உள்ளே இறைவனுக்கான ஏக்கம் என்னும் கரு வேண்டும் என்பதைத்தான் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். அடைகாக்கும் பறவையை அவர் கூர்ந்து கண்டவர். 1882-இல் ‘ம’ என்னும் மகேந்திரநாத் குப்தரிடம் யோகியின் மனத்தைப் பற்றிப் பேசும்போது, முட்டைகளின் மீது அமர்ந்த தாய்ப்பறவையின் கண்ணை உவமை காட்டினார். கண் திறந்திருக்கும், பார்வையோ எதிலும் பதியாது. மனம் முழுவதும் அடியில் உள்ள முட்டைகளில் இருக்கும். அப்படி ஒரு படம் கிடைக்குமா என்றும் கேட்டார். படத்திற்கு எங்கும் போக வேண்டியதில்லை. எந்தக் கிராமத்து வீட்டிலும் கூடையில் அடைக்கோழி இருக்கும். அருகில் சென்றால் சீறும். ஆனால் அது எதையும் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றாது.

பன்னிரண்டாம் நாள் இரவு மின்சாரம் நின்றுவிடுகிறது. விடுதிப் பிள்ளைகள் தங்கள் போர்வைகளைக் கொண்டுவந்து பெட்டியைப் போர்த்துகிறார்கள். வெந்நீர் நிரப்பிய புட்டிகளை அருகில் வைக்கிறார்கள். சற்று நேரக் குளிர்ச்சியால் கரு அழிந்துவிடாது. தாய்க்கோழியும் நாளுக்கு ஒருமுறை இரைக்கும் நீருக்கும் எழுந்து போய்த்தான் வருகிறது. அது தெரிந்தும் பிள்ளைகள் உறங்கவில்லை.

ஓட்டின் இரகசியம்

இந்த நாட்களில் முட்டைக்குள் நடப்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. முட்டை ஓடு குஞ்சுக்குச் சிறை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகத்தான் கருவுக்குக் காற்று கிடைக்கிறது. குஞ்சின் எலும்புகளுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதியும் ஓட்டிலிருந்தே கரைந்து செல்கிறது. எலும்பு உறுதியாக உறுதியாக ஓடு உள்ளிருந்து மெலிகிறது. எது தடையாக நின்றதோ அதுவே முதுகெலும்பாகவும் காலாகவும் மாறுகிறது. இல்லறத்தின் கட்டுகளை நொந்துகொள்ளும் பக்தர்கள் சற்று இங்கே நிற்கலாம். கடமை, நோய், வறுமை, புரிந்துகொள்ளாத உறவினர் என்று எந்த ஓட்டை உடைத்தெறிந்துவிட்டு ஓட மனம் துடிக்கிறதோ, அந்த ஓடு இன்னும் தர வேண்டியதைத் தந்து முடித்திருக்கிறதா என்பது சிந்திக்க வேண்டிய கேள்வி.

பதினெட்டாம் நாளுக்குப் பின் முட்டைகளைத் திருப்பக் கூடாது. ஈரத்தைக் கூட்டிவிட்டு மூடியைத் திறக்காமல் இருக்க வேண்டும். பதினெட்டு நாள் ஓடி ஓடிச் செய்த கைகளுக்கு இனி வேலை இல்லை. குழந்தைகளுக்கு இதுதான் மிகக் கடினமாக இருக்கிறது; பெரியவர்களுக்கும் அப்படித்தான். குஞ்சு முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல்முறையாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. உள்ளிருந்து மெல்லிய குரல் கேட்கிறது. தாய்க்கோழியாக இருந்தால் இந்நேரம் ‘கொக் கொக்’ என்று பதில் கொடுத்திருக்கும். ஓட்டுக்கு வெளியே இருக்கும் குரு செய்யக்கூடியதும் ஏறத்தாழ அவ்வளவே: வெப்பம் தருவார், குரல் கொடுப்பார், ஓட்டை உடைக்க மாட்டார்.

இருபத்தொன்றாம் நாள் காலை, அடுத்த வகுப்பில் ஆரவாரம். அங்கே ஏழு குஞ்சுகள் வெளிவந்துவிட்டன. இந்த வகுப்பின் பெட்டியில் ஒரே ஒரு முட்டையில் மட்டும் நட்சத்திரம் போல ஒரு கீறல். மற்றவை அமைதியாக இருக்கின்றன. அடுத்த வகுப்புப் பெட்டியில் அரை பாகை வெப்பம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் பிள்ளைகளுக்கு அது தோல்வியாகத் தோன்றுகிறது. மதிய உணவு வேளையில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தனியே வருகிறான். கீறலுக்குள் அலகு அசைகிறது, களைத்து நிற்கிறது. அவனுக்கு இரக்கம். இரக்கத்தின் அடியில், ‘நம் வகுப்பிலும் ஒன்று வந்துவிட வேண்டும்’ என்ற தவிப்பு. மூடியைத் திறந்து, நகத்தால் ஓட்டைப் பெயர்க்கிறான்.

இரத்தம் வருகிறது.

ஓட்டின் உட்புறச் சவ்வில் ஓடும் நாளங்களில் அப்போதும் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சிய மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் இழுக்கப்படவில்லை. முதல் கீறலுக்குப் பின் குஞ்சு அசையாமல் கிடக்கும் நீண்ட மணிநேரங்கள் இந்த வேலைகளுக்கானவை. ஓய்வு என்றும் இயலாமை என்றும் வெளியே தெரிந்தது உண்மையில் மிகப் பெரிய உழைப்பு. குஞ்சு மாலைக்குள் இறந்துவிடுகிறது.

ஆசிரியை அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இருவரும் வேப்பமரத்தடியில் அதைப் புதைக்கிறார்கள். அங்கே அமர்ந்து விநதையின் கதையை அவனுக்குச் சொல்கிறார். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்கிறான்:

“நான் நல்லது செய்யத்தானே நினைத்தேன், தீதி?”

“விநதையும் தன் மகனைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தாள்.”

“அருணன் அம்மாவை மன்னித்தானா?”

“இன்னொரு முட்டை இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னானே. அதை வேறு என்ன என்று சொல்வது?”

நம் நாட்டின் வீடுகளில் இன்று எத்தனையோ விநதைகள் இருக்கிறார்கள். தந்தையரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை மூன்று வயதில் எழுதுகிறது, அத்தை மகன் பதினோரு வயதிலேயே பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறான் என்று கேள்விப்பட்ட உடனே, தம் வீட்டு முட்டையின் மீது நகம் பதிகிறது. அறிவு வளரும்; மதிப்பெண் வரும்; தன் காலால் நிற்கும் பகுதி மட்டும் உருவாகாமல் போகும். குழந்தை தானே கற்கிறது, தடைகளை அகற்றுவதும் துணை நிற்பதும்தான் ஆசிரியரின் பணி என்று சுவாமி விவேகானந்தர் கூறியதை மேடையில் சொல்லாத கல்வியாளர் இல்லை. வீட்டில் அதைக் கடைப்பிடிக்க, அடுத்த வீட்டுப் பெட்டியை எட்டிப் பார்க்காத மனம் வேண்டும். விநதைக்கு வந்த சாபத்தின் வாசகத்தைக் கவனித்தால் இது விளங்கும்: யாரோடு ஒப்பிட்டாளோ அவளுக்கே அடிமை. இதற்கு முனிவரின் சாபம்கூடத் தேவையில்லை. ஒப்பிடும் கணத்திலேயே அடிமைத்தனம் தொடங்கிவிடுகிறது.

சாதகர்களுக்குள்ளும் இந்த நோய் உண்டு. உடன் தீட்சை பெற்றவருக்குக் காட்சி கிடைத்ததாம், எனக்கு ஏன் இல்லை என்று ஏங்கி, உடல் தாங்காத பட்டினியிலும் முறை தெரியாத பிராணாயாமத்திலும் இறங்கி நலிந்தவர்கள் பலர்.

அன்றிரவு ஆசிரியை அச்சிறுவனையே பெட்டியின் அருகில் காவலுக்கு அமர்த்துகிறார். மற்றப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை, ‘இவனையா?’ என்று முணுமுணுக்கிறார்கள். “இவனைத்தான்” என்கிறார் அவர். எட்டு முட்டைகள் எஞ்சியிருக்கின்றன. பத்து மணிக்கு ஒன்றில் கீறல் விழுகிறது. பிறகு இன்னொன்றில். சிறுவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறான். உள்ளிருந்து குரல் எழும்போதெல்லாம் கண்ணாடியின் மீது வாய் வைத்து, வீட்டில் கேட்ட அடைக்கோழியைப் போல ‘கொக் கொக்’ என்கிறான்.

விடியும் வேளையில் ஒரு முட்டையின் தொப்பி மெல்ல உயர்கிறது, தாழ்கிறது, மீண்டும் உயர்கிறது. ஆசிரியை அவன் தோளைத் தொட்டுக் கிழக்கு ஜன்னலைக் காட்டுகிறார். சூரியன் இன்னும் வரவில்லை; வானம் மட்டும் சிவந்திருக்கிறது.

“அது யார், தெரிகிறதா?”

“அருணன்” என்கிறான் அவன், கைகளை அவிழ்க்காமலே.