அவையில் இல்லாதார்

ஒரு நாட்டு மக்கள் தமக்கெனத் தாமே அரசியல் யாப்பொன்றை இயற்றிக்கொள்வது குடியாட்சியின் உயர்நிலை என்பர். ஆயின் யாப்பு எழுதப்படுமுன்பே 'மக்கள்' எனப்படுவோர் யாவர் என்பது முடிவாகியிருத்தல் வேண்டும். அம்முடிவைச் செய்தவர் யார்? அவருக்கு அவ்வுரிமையை அளித்தவர் யார்? இவ்வினாவே ஈண்டு ஆராயற்பாலது.

1970 ஜூலை 19 ஆம் நாள் இலங்கைப் பிரதிநிதிகள் சபையின் 157 உறுப்பினரும் கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடுமாறு அழைக்கப்பட்டனர். சோல்பரி யாப்பு பிரித்தானிய முடியினால் அளிக்கப்பட்டது. புதிய யாப்போ இந்நாட்டு மக்களின் இறைமையிலிருந்தே பிறத்தல் வேண்டும் என்பது அச்சபையின் நோக்கம். நோக்கம் உயர்ந்ததே.

அவ்வேளை இறம்பொடையிலும் அதனைச் சூழ்ந்த மலைச்சாரல்களிலும் தேயிலைக் கொழுந்து பறித்தோரின் நிலை யாது? 1947 பொதுத்தேர்தலில் மலையகத் தோட்டங்களின் வாக்குப்பலத்தால் இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் அப்பலத்தைப் பறித்தன. சிறுபான்மையோர்க்குக் காப்பெனக் கருதப்பட்ட சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவும் துணைசெய்யவில்லை. பிரசாவுரிமைக்குத் தகுதி வகுத்தல் அரசுக்கு இயல்பான அதிகாரமே என 1953 இல் கோடக்கன்பிள்ளை வழக்கிற் கோமறைக் கழகம் தீர்த்தது. 1952 முதல் 1977 வரை தோட்டத் தமிழருள் ஒருவர்தானும் தேர்தல் மூலம் பாராளுமன்றம் செல்லவில்லை; நியமனம் பெற்றுச் சென்றோர் மிகச் சிலரே. தமிழரசுக் கட்சியினர் 1971 ஜூனில் அரசியல் நிர்ணய சபையைவிட்டு வெளியேறினர். வெளியேறுதற்கும் முதலில் உள்ளே ஓர் இருக்கை வேண்டுமன்றோ?

எந்நாடும் தன் குடிகள் யாவர் என வரையறுத்தே ஆகவேண்டும். அன்றேல் வழிப்போக்கரும் அவையேறுவர் எனச் சிலர் வாதிடலாம். வாதம் தவறன்று. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரு நாட்டின் சட்டத்துக்குப் பணிந்து, அதன் ஏற்றுமதி வருவாயின் பெரும்பகுதியைத் தம் உழைப்பால் ஈட்டியோர் வழிப்போக்கராகார்.

இனி, எவ்வவையும் முழுமையாகக் கூடியதில்லை என்பதும் உண்மை. 1787 இற் பிலடெல்பியாவிற் கூடிய 55 பேருள் அடிமையோ பெண்ணோ ஒருவருமிலர். இந்திய அரசியல் நிர்ணய சபையும் சொத்து, கல்வி முதலிய தகுதிகளால் மட்டுப்பட்ட வாக்குரிமையினின்று எழுந்ததே. எனினும் அச்சபை 1949 நவம்பர் 26 இல் ஏற்ற யாப்பு, தன்னைத் தேர்ந்திராத கோடிக்கணக்கானோர்க்கும் வாக்குரிமை வழங்கியது. இலங்கைச் சபையோ வயதுவந்தோர் வாக்குரிமையின் பெயராற் கூடியது. ஆயினும் 1972 மே 22 இல் அது நிறைவேற்றிய யாப்பு பழைய பிரசாவுரிமைச் சட்டங்களை அவ்வாறே தொடரவிட்டது. பேச்சு, ஒன்றுகூடல், நடமாட்டம் ஆகிய உரிமைகளைப் பிரசைகளுக்கே உரித்தாக்கியது. குறுகிய வாயிலாற் புகுந்தோர் கதவை அகலத் திறந்தனர். அகன்ற வாயிலாற் புகுந்தோர் மூடிய கதவை மூடியவாறே விட்டனர்.

எனவே ஓர் அவையின் நேர்மையை அதில் அமர்ந்தோரின் தொகை கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. அமர இயலாதோர்க்கு அது யாது செய்தது என்பதே தக்க அளவுகோல். நாடற்றோர் நிலையை முடிவுக்குக் கொணர 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது. உரிமை ஈற்றிற் கிடைத்தது. இழந்த தலைமுறைகளின் குரல் எந்த யாப்பிலும் ஏறவில்லை. இனியொரு யாப்பு இந்நாட்டில் எழுதப்படுமாயின், எழுதுவோர் பேனாவை எடுக்குமுன், 'இங்கே இல்லாதார் யார்?' என்னும் வினாவை முதலில் எழுப்புவாராக.