மெதுவாய் நடந்த தகப்பன்

தியானப் பகுதி: ஆதியாகமம் 33:12-15



சிறுபிள்ளைகளை வளர்க்கிற பெற்றோருக்காகக் கர்த்தர் என் உள்ளத்தில் வைத்த பாரத்தை இந்த மாதம் எழுதுகிறேன். பிள்ளை இல்லாதவர்களும், பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்களும் தயவுசெய்து வாசியுங்கள். கடைசியில் உங்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு.

யாக்கோபு 20 வருஷம் லாபானிடத்தில் உழைத்துவிட்டு, மனைவிகளோடும் 11 குமாரரோடும் மகள் தீனாளோடும் ஊர் திரும்புகிறான். எதிரே 400 பேரோடு அண்ணன் ஏசா வருகிறான். பழைய பகை போயிற்று. இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பிறகு ஏசா, சேர்ந்தே போகலாம் வா என்று கூப்பிடுகிறான். யாக்கோபு என்ன சொன்னான்? பிள்ளைகள் இளசு, மந்தையிலே பால் கொடுக்கிறவைகள் இருக்கின்றன, ஒரே ஒரு நாள் விரட்டினாலும் தாங்காது. நீங்கள் முன்னே போங்கள், நான் இவர்கள் நடக்கிறபடியே மெதுவாய் வருகிறேன் என்றான். பெரிய மனுஷரோடு வேகமாய்ப் போகிற பெருமை அவனுக்கு வேண்டாம். ஒரு பிள்ளைகூட வழியில் விழக்கூடாது, அதுதான் அவனுக்கு முக்கியம்!

1. பிள்ளைகளுக்கு ஒரே நடை இல்லை

ஏசாவும் யாக்கோபும் ஒரே வயிற்றில் ஒன்றாய் இருந்தவர்கள். ஒருவன் காட்டிலே வேட்டையாடினான், மற்றவன் கூடாரத்தை விட்டு நகரவில்லை. நம் வீட்டிலும் அப்படித்தான். ஒன்று பத்து மாசத்தில் நடக்கும். ஒன்று மூன்று வயதாகியும் "அம்மா" என்று சொல்லாது. ஒன்று அஞ்சு நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்துவிடும். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஊட்ட வேண்டும். "எல்லாப் பிள்ளையையும் ஒண்ணாத்தான் பார்க்கிறேன்" என்று சிலர் சொல்லுவார்கள். நல்லதுதான். ஆனால் கர்த்தர் மன்னாவைக் கொடுத்தபோது, யார் எவ்வளவு சாப்பிடுவார்களோ அந்த அளவைப் பார்த்துக் கொடுத்தார். யாத்திராகமம் 16-ஐ வாசித்துப் பாருங்கள். ஒருவனுக்கும் மிஞ்சவில்லை, ஒருவனும் பசியோடு படுக்கவில்லை. தேவைக்குத் தக்கபடி கொடுப்பது ஓரவஞ்சனை அல்ல, அது பரலோகத்தின் கணக்கு.

2. நன்றாய் நடக்கிற பிள்ளையும் பிள்ளைதான்

நம் சபையில் ஒரு குடும்பம். மூத்தவளுக்கு ஒன்பது வயது. தம்பிக்கு அஞ்சு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. கீழே ஒரு கைக்குழந்தை. ஜெபிக்கப் போயிருந்தேன். தாயார் தம்பிக்காக மட்டும் ஜெபக்குறிப்பு சொன்னார்கள். கதவோரம் நின்ற பெரியவளைப் பார்த்து, "உனக்கு என்னம்மா ஜெபிக்கணும்?" என்று கேட்டேன். "பாஸ்டர் அங்கிள், ஒரு நாளாவது அம்மா எனக்குத் தலை பின்னிவிடணும்" என்றாள். அந்தத் தாயார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அவர்கள் கெட்ட தாயா? இல்லை. இரண்டு கைதானே இருக்கிறது!

அன்றைக்கே அந்தத் தகப்பன் ஒரு தீர்மானம் எடுத்தார். காலையில் கால் மணி நேரம் மகனை அவர் பார்த்துக்கொள்வார். அந்த நேரம் மகளுக்கு. பெற்றோரே, எந்தத் தொந்தரவும் கொடுக்காத பிள்ளையிடத்தில் இன்று போய், உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். தகப்பன்மாரே, அவர் செய்தது போல நீங்களும் ஒரு கால் மணி நேரம் கொடுங்கள்.

3. மெதுவான நடை சாபம் அல்ல

"யார் செய்த பாவமோ?" இந்தக் கேள்வியைச் சீஷர்களே கேட்டார்கள் (யோவான் 9). ஆண்டவர், அவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்று தீர்த்துவிட்டார். அவர் மூடின கதவை நாம் திறக்கலாமா? முந்தின இராத்திரி யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியும்வரை போராடி ஆசீர்வாதம் பெற்ற யாக்கோபு, காலையில் நொண்டிக்கொண்டுதான் வந்தான். அல்லேலூயா! ஆசீர்வதிக்கப்பட்ட மனுஷன் மெதுவாய் நடந்தான்.

சுகமாக்குகிற தேவனை நான் முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறேன். மாற்கு 9-இல் அலைக்கழிக்கப்பட்ட மகனைக் கொண்டுவந்த தகப்பனிடத்தில், எத்தனை காலமாய் இப்படி என்று ஆண்டவர் விசாரித்தார். பாதி விசுவாசமும் பாதி கண்ணீருமாய் நின்ற அவனை அவர் தள்ளவில்லை. ஆகவே ஜெபியுங்கள். ஆனால் வலிப்பு மாத்திரையை விசுவாசம் என்று சொல்லித் திடீரென்று நிறுத்தாதிருங்கள். அது உயிருக்கே ஆபத்து. யார் நிறுத்தச் சொன்னாலும் டாக்டரைக் கேளாமல் செய்யாதிருங்கள்.

பிள்ளைக்குப் பேச்சோ நடையோ தாமதமானால், "தானா வந்துடும்" என்று வருஷங்களைக் கடத்தவேண்டாம். பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-இல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதன்கீழ் மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு. எங்கே என்று அங்கன்வாடியிலோ அரசு ஆஸ்பத்திரியிலோ கேளுங்கள். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்லுகிறது. ஆட்டிசமும், எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுகிற கற்றல் குறைபாடும் அதில் அடங்கும். இவைகளும் கர்த்தர் திறந்த வாசல்களே.

4. சபைக்கு ஒரு வார்த்தை

ஏசா கூட வர மட்டும் கூப்பிடவில்லை. என் ஆட்களில் சிலரை விட்டுப்போகட்டுமா என்றும் கேட்டான். நாமும் கேட்கலாமே! அடையாள அட்டைக்காக ஒரு நாள் முழுவதும் வரிசையில் நிற்கிற தாயோடு ஒரு சகோதரி கூடப் போகலாம். ஆராதனையில் டிரம்ஸ் சத்தம் தாங்காமல் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காதிருங்கள். கடைசி வரிசையில் வாசலோரம் அந்தக் குடும்பத்துக்கு இடம் வையுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, பத்து வசனம் சொன்ன பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறீர்கள். திக்கித் திக்கி ஒரு வசனம் சொன்ன பிள்ளையையும் முன்னே கூப்பிட்டுக் கொடுங்கள். "எங்க பேரன் இந்த வயசுல ஓடினான்" என்ற பேச்சு நம்மிடத்தில் வேண்டாம்.

நம்முடைய நல்ல மேய்ப்பர் குட்டிகளை மடியிலே சுமக்கிறார், பால் கொடுக்கிறவைகளை மெதுவாய் நடத்துகிறார் என்று ஏசாயா 40:11 காட்டுகிறது. பிள்ளையைச் சுமக்கிற தாயே, உன்னையும் அவர் விரட்டுவதில்லை. நீ நடக்கிறபடியே அவரும் கூட வருகிறார்.

ஜெபிப்போமா? அன்பின் பரலோகப் பிதாவே, ஓடுகிற பிள்ளைக்காகவும் நிற்கிற பிள்ளைக்காகவும் ஸ்தோத்திரம். களைத்துப்போன பெற்றோருக்கு இன்று இராத்திரி நல்ல நித்திரை தாரும். ஒரு பிள்ளையும் வழியில் விழாதபடி மெதுவாய் நடக்க எங்கள் சபைக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்