நத்தை நீலமும் அவுரி நீலமும்

மத்தியதரைக் கடலோரப் பாறைகளில் வாழும் ஹெக்ஸாப்ளெக்ஸ் ட்ரங்குலஸ் என்ற நத்தை பார்வைக்குச் சாதாரணம்தான். விரல் நீளம் இருக்கும். கரடுமுரடான ஓட்டில் பழுப்புப் பட்டைகள் ஓடும். ஓட்டை உடைத்து உள்ளிருக்கும் சுரப்பியைக் கீறினால்தான் அதன் மகிமை தெரியும். நிறமில்லாமல் கசியும் திரவம், காற்றும் வெளிச்சமும் பட்டதும் பச்சையாகி, ஊதாவில் வந்து நிற்கும்.

ஆடையின் மூலைத் தொங்கல்களில் ஒரு நீல நூல் வேண்டும் என்பது யூத வேதமான தோராவின் கட்டளை. அந்த நீலம் ‘ஹிலஸோன்’ என்ற கடல் உயிரியிலிருந்தே வரவேண்டும் என்றார்கள் யூதச் சட்ட விவாத நூலான தல்மூத்தின் காலத்து ரபிகள் (சமய குருமார்). ஏழாம் நூற்றாண்டுக்குப் பின் அந்தச் சாயத் தொழில் மறைந்தது. அது எந்த உயிரி என்பதும் மறந்துபோயிற்று. நீலம் கிடைக்காவிட்டால் வெள்ளை நூலே போதும் என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா வழிவிட்டிருந்ததால், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வெள்ளையிலேயே காலம் ஓடியது.

1880-களில் போலந்தின் ராட்ஸின் ஊர் ரபி கெர்ஷோன் ஹெனோக் லைனர் ஹிலஸோனைத் தேடிப் புறப்பட்டார். நேப்பிள்ஸ் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் வரை போய், அது கணவாய்தான் என்று முடிவுகட்டினார். சீடர்கள் நீல நூல் அணியத் தொடங்கினார்கள். 1913-இல் லண்டனில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஐசக் ஹெர்சோக் (பின்னாளில் இஸ்ரேலின் தலைமை ரபி) அந்தச் சாயத்தைச் சோதிக்க வைத்தார். அது பிரஷ்யன் நீலம்! காய்ச்சும்போது சேர்த்த இரும்பு தந்த நிறம். கணவாய் மைக்குப் பதில் மாட்டு ரத்தத்தை ஊற்றியிருந்தாலும் அதே நீலம் வந்திருக்கும்.

கணவாய் இல்லையென்றால் ஹிலஸோன் அந்த ட்ரங்குலஸ் நத்தையாக இருக்குமா? வேண்டியது நீலம்; ட்ரங்குலஸ் தந்ததோ ஊதா கலந்த நீலம். 1980-களில் இஸ்ரேலின் ஷென்கார் கல்லூரி வேதியியலாளர் ஆட்டோ எல்ஸ்னர் முடிச்சை அவிழ்த்தார். தொட்டியில் கரைந்திருக்கும் சாயத்தின்மேல் வெயில் பட்டால் அதிலுள்ள புரோமின் கழன்றுவிடும். நல்ல நீலம் மிஞ்சும்.

மிஞ்சுவது இண்டிகோ. நம் அவுரிச் செடி தரும் அதே மூலக்கூறு. அவுரி நூலை மாட்டிக்கொண்டு ஹிலஸோன் நீலம் என்று சொல்பவனைக் கடவுளே தண்டிப்பார் என்கிறது தல்மூத். ஆனால் எச்சமாக ஒட்டியிருக்கும் புரோமினை விட்டால் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அப்படியானால் புனிதம் பொருளில் இல்லை, அது வந்த வழியில்தான் இருக்கிறது. கட்டளை கேட்பது நிறத்தையல்ல, மூலத்தை என்பதால் ரபிகளின் பிடிவாதத்துக்கு அர்த்தம் உண்டு.

ஆனால் வந்த வழிதான் முக்கியமென்றால், அறுந்த வழியை ஆய்வுக்கூடம் ஒட்டிவைக்க முடியுமா? ராட்ஸின் ரபியின் காலத்திலேயே பிரிஸ்க் நகர ரபி யோசேஃப் தோவ் சோலோவெய்ச்சிக் வழிவழி மரபு இல்லையே என்று மறுத்தார். வேதியியல் வாதங்களைவிட இதுவே கனமான மறுப்பு. இன்றும் பலர் வெள்ளை நூலோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராட்ஸின் ரபியின் வழியினரோ கணவாய் நீலத்தையே அணிகிறார்கள். நாஜிகளின் இனப்படுகொலையில் அவர்களின் செய்முறை தொலைந்தபோது, அதை மீட்டுக்கொடுத்தவை அந்தச் சாயத்தைப் பொய்ப்பித்த ஹெர்சோக்கின் பழைய ஆவணங்கள்.