கண்டவர் எவர்? உடையவர் எவர்?

உழுதவனுக்கு விளைச்சலில் உரிமை உண்டு. நெய்தவனுக்குத் துணியின் விலையில் பங்கு உண்டு. இவற்றை மறுப்பார் எவருமில்லை. ஆனால் இயற்கையில் மறைந்து கிடந்த ஓர் உண்மையைக் கண்டறிந்தவனுக்கு அவ்வுண்மையின்மீது என்ன உரிமை உண்டு? அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அவன் அறநெறிப்படி உரியவனா? இவ்வினாவைத் தத்துவ ஏடுகளில் மட்டும் தேட வேண்டியதில்லை. புரதங்களை ஆராயும் அறிவியலார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் ஆய்வுக்கூடங்களிலேயே இதற்கு விடை தேடி வருகின்றனர்.

குருதியில் உயிர்வளியைச் சுமப்பதும், உண்டதைச் செரிக்கச் செய்வதும், தசையை இயக்குவதும் புரதங்களே. அமினோ அமிலங்கள் மணிகளைப் போல் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி தனக்கே உரிய வடிவில் மடிந்து நின்றால்தான் பெரும்பாலான புரதங்கள் தம் பணியைச் செய்ய முடியும். அவ்வடிவை அறிவது எளிதன்று. புரதத்தைத் தூய்மைப்படுத்திப் படிகமாக்க வேண்டும். அதனூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்த வேண்டும். சிதறும் கதிர்கள் பதிக்கும் புள்ளிகளைக் கொண்டு அணுக்களின் இடத்தைக் கணக்கிட வேண்டும். கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெரூட்ஸ் ஹீமோகுளோபின் ஆய்வைத் தொடங்கியது 1937-இல். அதன் வடிவு முதன்முதலாகப் புலப்பட்டது 1959-இல். ஒரு மனிதனின் வாழ்வில் 22 ஆண்டுகள்!

இத்தனை உழைப்பின் முடிவில் கையில் கிடைப்பது எண்களின் ஒரு பட்டியல். எந்த அணு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் பட்டியல். அதைப் பூட்டி வைக்கவும் முடியும். பிறருக்கு வழங்கவும் முடியும். வழங்குவோருக்கென ஓர் இடம் 1971-இல் அமைந்தது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடமும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த படிகவியல் தரவு மையமும் இணைந்து புரதத் தரவு வங்கியைத் தொடங்கின. அன்று அதன் இருப்பு 7 வடிவங்கள் மட்டுமே. இவ்வங்கியின் இயல்பு விந்தையானது: இட்டவருக்கு வட்டி இல்லை, எவர் எடுத்தாலும் இருப்பு குறைவதில்லை.

ஆயினும் பலர் தயங்கினர். ஆய்வு முடிவை இதழில் வெளியிட்டுப் புகழ் பெற்றவர்களிலும் சிலர் எண்களை மட்டும் வெளியிடாது வைத்துக்கொண்டனர். அவர்களை எளிதில் பழித்துவிட இயலாது. ஆறேழு ஆண்டுகள் அரும்பாடுபட்டுப் படிகம் வளர்த்த ஓர் இளம் ஆய்வாளரை எண்ணிப் பாருங்கள். அவர் எண்களை வெளியிட்ட மறுவாரமே, விரைந்த கணினிகளும் மிகுந்த ஆட்களும் கொண்ட பெருநிறுவனம் ஒன்று அவற்றை எடுத்து, அவர் செய்ய எண்ணியிருந்த அடுத்த பத்து ஆய்வுகளையும் முடித்துவிடக்கூடும். ஈகை என்ற பெயரால் எளியவரின் உழைப்பை வலியவர் அள்ளிச் செல்வது அறமாகுமா? இவ்வச்சத்தை மதித்தே, பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் 1989-இல் வகுத்த நெறி, எண்களை வங்கியில் ஒப்படைக்கவும், விரும்பினால் ஓராண்டு வரை மூடி வைக்கவும் இடமளித்தது. 1990-களின் இறுதியில் முதன்மையான இதழ்கள் அந்தச் சலுகையையும் நீக்கின. கட்டுரை வெளிவரும் நாளிலேயே எண்களும் வெளிவர வேண்டும் என்பது வழக்காயிற்று.

இது கொடுமையா, நீதியா? நீதியின் பக்கமே நிற்கத் தோன்றுகிறது. ஏனெனில் 'என் உழைப்பு' என்று சொல்பவரின் கையில் பிறர் உழைப்பே மிகுதியாக இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் வளர்ந்த படிகம் இன்னொரு நாட்டு ஆய்வு நிறுவனத்தின் கதிர்க் கருவிக்குச் செல்கிறது. கணக்கீடு மூன்றாவது ஓரிடத்தில் நடைபெறுகிறது. பெரும்பாலும் செலவை ஏற்பது மக்களின் வரிப்பணம். கண்டறிந்த வடிவு சரிதானா என்று பார்க்கவும் பிறர் கண்ட அளவுகோல் வேண்டும். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் 1963-இல் ஒரு வரைபடமாகத் தந்தனர். இன்றளவும் வங்கிக்கு வரும் புரத வடிவங்கள் அவ்வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்படுகின்றன. அதற்கு எவரும் கட்டணம் செலுத்துவதில்லை. ஆனால் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகமே சொல்கிறது. உடைமை கைவிட்டுப் போயிற்று, பெயர் நிலைத்தது. அப்பெயரிலும் மூவரின் உழைப்பு ஒருவர் பெயரால் வழங்குகிறது என்பதையும் மறத்தலாகாது.

கொடையின் வலிமையை 2020-ஆம் ஆண்டு காட்டியது. கொரோனா நுண்கிருமி பெருகுவதற்கு இன்றியமையாத ஒரு நொதியின் வடிவை ஷாங்காய் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அவர்களது கட்டுரை இதழில் வெளிவந்தது ஏப்ரலில்; ஆனால் எண்கள் பிப்ரவரித் தொடக்கத்திலேயே வங்கியில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டன. மரணம் வாசலில் நிற்கும் வேளையில் இரண்டு மாதம் என்பது சிறு காலமன்று.

அதே ஆண்டில் இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி முறை, அமினோ அமில வரிசையைக் கொண்டே பல புரதங்களின் வடிவை வியத்தகு துல்லியத்துடன் முன்கூறியது. அம்முறை கற்றது எதனிடமிருந்து? வங்கியில் ஐம்பதாண்டுகளாகச் சேர்ந்திருந்த ஏறத்தாழ 1,70,000 வடிவங்களிடமிருந்து. 2024-இல் வேதியியல் நோபல் பரிசு டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கு வழங்கப்பட்டது. அவர்களின் தகுதியில் ஐயமில்லை. ஆனால் ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர்ந்தளிக்க நோபல் விதி இடந்தராது. படிகம் வளர்த்த பல்லாயிரவரை அந்த மேடை தாங்காது.

இங்கேதான் நம் வினா புதிய வடிவில் திரும்பி வருகிறது. 2021-இல் தன் முறையை உலகுக்குத் திறந்து வைத்த அதே நிறுவனம், 2024 மே மாதத்தில் அடுத்த பதிப்பின் கட்டுரையை மட்டும் வெளியிட்டு, கணினி நிரலை வெளியிடாது விட்டது. ஆய்வாளர் பலர் வெளிப்படையாகக் கண்டித்தனர். நவம்பரில் நிரல் வெளிவந்தது. எனினும் முறையை முழுமையாக இயக்கும் வாய்ப்பு வணிகமல்லாத ஆய்வுக்கு என வரையறுக்கப்பட்டது. நிறுவனம் பெருஞ்செலவு செய்தது மெய்யே. ஆனால் படிகம் வளர்த்தவரும் செலவு செய்தவரே. அன்று எளிய ஆய்வாளரிடம் 'உன் பிடியைத் தளர்த்து' என்று கேட்ட உலகம், இன்று வலியவரிடம் அதே சொல்லைச் சொல்லத் தயங்கினால், அந்த நெறி நீதியாகாது. எளியவர்மீது சுமத்திய வரியாகவே முடியும்.

ஆகவே, உடைமையை விடுவதும் பெயரை மதிப்பதும் சேர்ந்தே நிற்க வேண்டும். பொதுக் களஞ்சியத்தில் இடுவது கண்டவரின் கடமை. எடுத்தவருக்கோ கடமைகள் இரண்டு: இட்டவரின் பெயரைச் சொல்லுதல், எடுத்ததால் விளைந்ததை மீண்டும் களஞ்சியத்தில் சேர்த்தல். முன்னதை ஓர் அடிக்குறிப்பு நிறைவேற்றிவிடும். பின்னதற்கு மனம் வேண்டும். வங்கியின் இருப்பு இன்று 2 லட்சத்தைக் கடந்துவிட்டது. அதில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தம் கையை மூட முடிந்தும் மூடாமல் விட்டதனால் வந்தது.